கழன்று போன ஒரு சின்ன ஜெட்

ஒற்றை என்ஜின் விமானத்துக்கு மேலே கிளம்பிய முதல் நிமிடம் ஒரு கண்டம் மாதிரி. உயரமும் இருக்காது, வேகமும் குறைவு. அப்போது என்ஜின் நின்றால் பைலட்டுக்கு யோசிக்கச் சில விநாடிகள்தான்.

2015 மார்ச் 5 அன்று இது ஹாலிவுட் நடிகர் ஹாரிசன் ஃபோர்டுக்கு நடந்தது. கலிஃபோர்னியாவின் சாண்டா மோனிகா விமான நிலையத்திலிருந்து தன் சொந்த விமானத்தில் தனியாகக் கிளம்பினார். அப்போது அவருக்கு வயது 72. விமானத்துக்கும் கிட்டத்தட்ட அதே வயதுதான்!

அது ரயன் பிடி-22. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க ராணுவம் புதிய பைலட்டுகளுக்குப் பயிற்சி கொடுக்க வாங்கிய ரகம். 160 குதிரைத்திறன், ஐந்து சிலிண்டர் கின்னர் என்ஜின். 1,000-க்கும் மேல் செய்தார்கள்.

மேலே ஏறும்போதே என்ஜின் சக்தி இழந்தது. ஃபோர்டு கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்குச் சொல்லிவிட்டு ஓடுபாதைக்குத் திரும்பப் பார்த்தார். இந்தத் திருப்பத்தைத்தான் பயிற்சியாளர்கள் எச்சரிப்பார்கள். சாய்த்துத் திருப்பினால் உயரம் வேகமாகக் குறையும். வேகமும் போனால் இறக்கை விமானத்தைத் தாங்காது, தலைகுப்புற விழும். ஓடுபாதை எட்டாது என்று புரிந்ததும் அவர் பக்கத்து கோல்ஃப் மைதானத்தை நோக்கி இறக்கினார். ஒரு மர உச்சியில் இடித்துத் தரையில் மோதியது. பலத்த காயம், ஆனால் பிழைத்தார். தரையில் யாருக்கும் அடியில்லை.

காரணம் என்ன? அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் என்ஜினைப் பிரித்துப் பார்த்தது. கார்புரேட்டரின் மெயின் ஜெட் மரை கழன்று வெளியே வந்திருந்தது. பழைய பைக்கின் கார்புரேட்டரைக் கழற்றியவர்களுக்கு இதைத் தெரியும், பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்ன உருப்படி. அது நகர்ந்ததும் பெட்ரோல் அளவுக்கு மீறிப் பாய்ந்து என்ஜின் திணறிவிட்டது.

அந்தக் கார்புரேட்டரை சுமார் 17 வருடங்களுக்கு முன் புதுப்பித்திருந்தார்கள். ஜெட் இறுக்கமாக இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கும்படி பராமரிப்புக் குறிப்பில் எதுவும் இல்லை. தோள் பெல்ட்டும் சரியாகப் பொருத்தப்படாததால் காயம் அதிகமானது என்று அறிக்கை சொன்னது.

போர்க்கால அவசரத்துக்குச் செய்த விமானம் 73 வருடம் பறக்கும் என்று கையேடு எழுதியவர்கள் நினைத்திருப்பார்களா? பழைய இயந்திரத்தைக் காப்பாற்றி வைப்பது நல்ல விஷயம்தான். ஆனால் அதைப் பளபளப்பாக்கினால் மட்டும் போதாது, கையேட்டில் விட்டுப்போனதையும் யாராவது எழுதிச் சேர்க்க வேண்டும்.