வில்லடித்த பஞ்சும் வெட்டிய நுரையும்: நெல்லைக் கடற்கரையில் அணை நிரப்பின் வரலாறு

முன்னுரை

இருக்கை, படுக்கை குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் கட்டிலின் மரவேலையையும் உறையின் நெசவையும் பற்றியே பேசுகின்றன. உறைக்குள் அடைபட்டுக் கிடக்கும் பொருள் வரலாற்றாசிரியரின் கண்ணில் எளிதில் படுவதில்லை. உறை கிழிந்தால் தைத்துக்கொள்ளலாம். உள்ளிருக்கும் பஞ்சு கட்டிதட்டிப் போனால் என்ன செய்வது? இக்கேள்வியே ஒரு தொழிலையும் அதற்கான கருவியையும் நிலைக்கச் செய்தது. திசையன்விளைக்கு அருகிலுள்ள உவரி இதனை ஆராய ஏற்ற களமாகும். அவ்வூரைச் சூழ்ந்து தேரி மணலும் பனையும் உள்ளன. முன்னே உப்புக்காற்று வீசும் கடல். வடக்கே, கோவில்பட்டிப் பகுதியின் கரிசலில் பருத்தி.

இலக்கியத்தில் அணை

நெடுநல்வாடை அரசியின் கட்டிலை வருணிக்குமிடத்தில் அன்னத்தின் தூவி நிரப்பிய அணையைக் குறிப்பிடுகிறது. திருப்பாவையின் 19ஆம் பாசுரத்தில் வரும் ‘பஞ்சசயனம்’ என்னும் சொல்லுக்கு இருவகை விளக்கம் உண்டு. பஞ்சு, தூவி முதலான ஐவகைப் பொருள்களால் ஆன படுக்கை என்பது ஒன்று. மென்மை, குளிர்ச்சி, வெண்மை முதலிய ஐந்து குணங்கள் அமைந்த படுக்கை என்பது மற்றொன்று. இவ்விரண்டனுள் எது பொருந்தும் என்பதில் உரைகாரர் வேறுபடலாம். எனினும் நிரப்புப் பொருளை வகைப்படுத்தித் தேரும் பழக்கம் அவர்கள் காலத்தில் அறியப்பட்டிருந்தது என்பதற்கு முதல் விளக்கமே போதிய சான்று.

இவை அரண்மனைக்கும் கோயிலுக்கும் உரிய செய்திகள். கடற்கரைக் குடிகளின் வீட்டில் பனைநார்க் கட்டிலும் பாயுமே பெரும்பான்மை. நார்க்கட்டிலுக்கு நிரப்பு வேண்டுவதில்லை. காற்று கீழிருந்தும் புகும். புழுக்கம் மிகுந்த கரையில் இதனை வறுமையின் அடையாளமாக மட்டும் கொள்வது பிழை.

வில்லின் தொன்மை

பஞ்சைப் பிரித்து மென்மையாக்கும் வில்லின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. 13, 14ஆம் நூற்றாண்டுகளின் தொழில்நுட்ப மாற்றங்களை ஆராய்ந்த இர்ஃபான் ஹபீப், இக்கருவி முஸ்லிம்களின் வருகையோடு இந்தியாவிற் பரவியிருக்கலாம் எனக் கருதினார். தென்னிந்திய நெசவு வரலாற்றை ஆராய்ந்த விஜயா ராமசாமி தமிழ்ச் சான்றுகளைக் கொண்டு இக்கருவி அதனினும் பழமையானது எனக் காட்ட முயன்றார். இங்கு நற்றிணையின் 299ஆம் பாடல் முதன்மை பெறுகிறது. காற்று மோதத் திரையிலிருந்து எழும் பிசிருக்கு, வில்லால் அடிபட்டுப் பறக்கும் பஞ்சினை அப்பாடல் உவமை ஆக்குகிறது. பாடலின் திணை நெய்தல். கேட்போர் கண்டறியாத காட்சியை உவமையாக வைத்தால் பொருள் விளங்காது; ஆகவே அக்காலக் கடற்கரை மக்களும் வில்லடியை நன்கு அறிந்திருந்தனர் எனக் கொள்வதே முறை. ஒற்றைச் சான்றை வைத்துத் தொழிலின் பரவலை அளந்துவிட முடியாது என்பதும் உண்மையே. ஆயினும் அக்கருவி தமிழகத்திற்கு இடைக்காலத்தில்தான் வந்தது என்ற கருத்து இப்பாடலின் முன் நிற்காது.

பிற்காலத்தில் இத்தொழிலைத் தனிச் சமூகத்தார் சிலர் மேற்கொண்டனர். 1909இல் வெளிவந்த தர்ஸ்டனின் தொகுப்பு, பஞ்சு அடித்தலைத் தொழிலாகக் கொண்ட தூதேகுலர் என்னும் முஸ்லிம் பிரிவினரைப் பதிவு செய்துள்ளது. தமிழ் ஊர்களில் இவ்வேலை செய்வோருக்குப் பஞ்சுகொட்டி என்று பெயர். பழைய மெத்தையைப் பிரித்து, பஞ்சை வெயிலில் உலர்த்தி, வில்லின் நரம்பைக் கொட்டாப்புளியால் தட்டிப் பஞ்சைப் பறக்கவிட்டு, மீண்டும் அதே உறைக்குள் திணித்துத் தைத்துத் தருவது அவர்தம் வேலை.

பொருள்களின் இயல்பு

பருத்தி ஈரத்தை உறிஞ்சும். உப்புக்காற்றில் விரைவில் கட்டிபடும். ஆனால் அடித்தால் மீளும். இலவம்பஞ்சு இதற்கு நேர்மாறு. அதன் இழை உள்ளீடற்றது, மேலே மெழுகுப்பூச்சு உடையது, நீரை ஏற்காது. கடலில் மிதப்பதற்கான உயிர்காப்பு அங்கிகளில் ஒரு காலத்தில் அதனை நிரப்பியதும் இவ்வியல்பு கருதியே. கிளி காத்து ஏமாந்த காயின் பயன் மனிதருக்குக் கிட்டியது எனலாம். ஆயினும் அவ்விழை எளிதில் முறியும். வில்லடிக்கு நில்லாது துகளாகும். வெயிலில் காயவைத்து, குறைந்த அளவுக்குப் புதுப்பஞ்சு சேர்ப்பதே வழி. ஆகவே கடற்கரை வீட்டிற்கு ஈரம் ஏற்காத பஞ்சா, திருத்திக்கொள்ளத் தக்க பஞ்சா என்பது உண்மையான தேர்வாகவே இருந்தது.

நுரையின் வருகை

ரப்பர்ப் பாலிலிருந்து நுரை செய்யும் முறையை டன்லப் நிறுவனத்தார் 1920களின் இறுதியில் கண்டனர். 1937இல் ஓட்டோ பேயரின் ஆய்வு பாலியூரித்தேனுக்கு வழிவகுத்தது. இந்நுரை உறைகளோடு பழகிய விதமே வேறு. பஞ்சு உறையின் வடிவத்தை ஏற்கும். நுரைக்கோ அளவு வேண்டும். சோபா உறை தொய்யாதிருக்க அதனினும் சற்றுப் பெரிதாக நுரையை வெட்டுகின்றனர். விரலால் அழுத்திப் பார்த்த மென்மையின் இடத்தை ‘டென்சிட்டி’ என்னும் எண், அதாவது ஒரு கனமீட்டரின் எடை, பிடித்துக்கொண்டது. ஈரமும் வெப்பமும் சேர்ந்தால் நுரையும் தளர்ந்து நாளடைவில் உதிரும். உதிர்ந்ததை வில்லால் மீட்க இயலாது. வெட்டி எஞ்சிய துண்டுகளை அரைத்துப் பசையிட்டு அழுத்தி மறுநுரை ஆக்குவதுண்டு. ஆனால் அவ்வேலை நடைபெறுவது ஆலையில், வீட்டுத் திண்ணையில் அன்று.