புதுச்சேரியா, தரங்கம்பாடியா? உடையார்பாளையத்திலிருந்து கடல் பார்க்கக் கிளம்புறீங்களா... இதைப் படிச்சிட்டுப் போங்க!

முந்திரிக்கொட்டை வித்த காசு கையில இருக்கு. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் நாள் இருக்கு. ‘கடலுக்குப் போலாம்ப்பா’ என்று பிள்ளைகள் நச்சரிக்கிறார்கள். ‘நானும் ஒரு தடவ பாத்துடுறேனே’ என்று திண்ணையிலிருந்து அப்பாயி குரல் கொடுக்கிறார். உடையார்பாளையம், ஜெயங்கொண்டம் பக்கத்து வீடுகளில் மே மாதம் வந்தால் கேட்கிற பேச்சுதான் இது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பல கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர் பகுதியே கடலுக்கு அடியில்தான் இருந்தது. சுண்ணாம்புக்கல் சுரங்கங்களில் கிடைக்கும் கடல்வாழ் உயிரினங்களின் புதைபடிவங்களே அதற்குச் சாட்சி. வாரணவாசி அருங்காட்சியகத்தில் அவற்றைப் பார்க்கலாம். இன்றைக்கோ கடலைப் பார்க்க வண்டி பிடிக்க வேண்டியிருக்கிறது. எந்த ஊருக்குப் பிடிப்பது?

தூரமும் வழியும்

தரங்கம்பாடி சுமார் 90 கிலோமீட்டர். ஜெயங்கொண்டம், அணைக்கரை, மயிலாடுதுறை வழியாகப் போகலாம். அதிகாலையில் கிளம்பினால் இரவுக்குள் வீடு திரும்பிவிடலாம்.

புதுச்சேரி சுமார் 130 கிலோமீட்டர். விருத்தாசலம் வழியாகவும் போகலாம். சிதம்பரம், கடலூர் வழியாகவும் போகலாம். ஒரே நாளில் போய்த் திரும்பினால் பாதி நாள் வண்டியிலேயே கழிந்துவிடும். ஓர் இரவாவது தங்குவதுதான் சரி.

புதுச்சேரி: நடக்க நடக்க வேடிக்கை

1954-ல் இந்தியாவோடு இணையும் வரை பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட ஊர். மஞ்சள் சுவர் வீடுகள், நேர்கோட்டுத் தெருக்கள், பாரதி பூங்காவின் ஆயி மண்டபம், மணக்குள விநாயகர் கோயில் எல்லாமே கடற்கரையை ஒட்டியே இருக்கின்றன. மாலையில் கடற்கரைச் சாலையில் வாகனங்களை விடுவதில்லை என்பதால் குழந்தைகளைப் பயமில்லாமல் நடக்க விடலாம். 1908 முதல் 1918 வரை பாரதியார் இந்த ஊரில் வாழ்ந்தார். ஈஸ்வரன் தர்மராஜா கோயில் தெருவில் அவர் வாழ்ந்த வீடு நினைவில்லமாக இருக்கிறது.

காந்தி சிலைக்கு அருகில் பெரும்பாலும் கருங்கல் பாறைகள்தான். அங்கே குளிக்க முடியாது. மணலில் கால் நனைக்க ஆசைப்பட்டால், சுண்ணாம்பாறு படகுத் துறையிலிருந்து படகில் போகும் கடற்கரை நல்ல தேர்வு. ஆரோவில் மாத்ரி மந்திரின் உள்ளே போக முன்பதிவு அவசியம்.

சிக்கல் என்னவென்றால் கூட்டமும் செலவும். சனி, ஞாயிறுகளில் அறை வாடகை எகிறிவிடும். வார நாட்களில் போனால் பாக்கெட் தப்பிக்கும்.

தரங்கம்பாடி: உட்கார்ந்து பார்க்க அமைதி

1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் இங்கே டேன்ஸ்போர்க் கோட்டையைக் கட்டினார்கள். 1845-ல் ஊரை ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டார்கள். 1706-ல் வந்திறங்கிய சீகன்பால்க், இங்கிருந்துதான் தமிழில் அச்சிட்ட புதிய ஏற்பாட்டை வெளியிட்டார். பாண்டியர் காலத்து மாசிலாமணிநாதர் கோயிலின் ஒரு பகுதியைக் கடலே விழுங்கிவிட்டது. 2004 சுனாமியும் இந்த ஊரை விட்டுவைக்கவில்லை.

கோட்டை, தேவாலயங்கள், கோயில், கடல் எல்லாம் சில நிமிட நடையில் வந்துவிடும். முழங்கால் வலிக்காரர்களுக்கு இது பெரிய வரம். ஆனால் கடைகளும் ஓட்டல்களும் குறைவு. சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவது நல்லது. இல்லையென்றால் காரைக்கால் போக வேண்டியிருக்கும். தங்குவதற்குப் பக்கத்தில் திருக்கடையூர் இருக்கிறது. அறுபதாம், எண்பதாம் கல்யாணத்துக்கு வருபவர்களுக்காகவே அங்கே விடுதிகள் நிறைய. அப்பாயிக்கு அபிராமி தரிசனமும் கிடைத்தது போலாகும். கிளம்பும் முன் கோட்டையின் விடுமுறை நாளை விசாரித்துவிடுங்கள்.

இரண்டுக்கும் பொதுவாக...

* இரண்டும் கிழக்குக் கடற்கரை. கடலில் சூரியன் உதிப்பதைத்தான் பார்க்கலாம், மறைவதை அல்ல. விடியும் முன்பே கரைக்குப் போய்விடுங்கள்.

* மே வெயிலில் காலை 10 மணிக்கு மேல் கரையில் நிற்க முடியாது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, புயல் காலம். ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் அருமை.

* நம்ம ஊர் ஏரியில் நீச்சல் பழகிய பிள்ளைகளுக்குக் கடலும் அப்படித்தான் என்று தோன்றும். அது தப்பு. கடலின் அடி இழுப்பு வேறு. ‘இங்க இறங்கலாமா?’ என்று கரையில் இருக்கும் மீனவர்களிடம் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால், கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்போ எதுக்குப் போறது?

கையில் ஒரே நாள், கூட வயதானவர்கள், செலவும் அளவாக இருக்க வேண்டும் என்றால் தரங்கம்பாடி. இரண்டு நாள் இருக்கிறது, கல்லூரி வயதுப் பிள்ளைகள் வருகிறார்கள், கடைவீதி சுற்ற ஆசை என்றால் புதுச்சேரி.

குழப்பம் இன்னும் தீரவில்லையா? கூட வருபவர்களில் யாரால் ரொம்ப தூரம் நடக்க முடியாதோ, அவரைக் கேட்டு முடிவெடுங்கள். பிள்ளைகளுக்குப் புதுச்சேரி போக இன்னும் எத்தனையோ லீவு வரும். அப்பாயி கடல் பார்க்கிற லீவைத் தள்ளிப்போட வேண்டாமே!