இயந்திரங்கள் பல, வாக்கு ஒன்று: பேலட் யூனிட்டுகள் இணைக்கப்படுவது எப்படி?

2024 ஏப்ரல் 19 அன்று, விளவங்கோடு தொகுதி வாக்காளர்கள் இரண்டு வாக்குகள் அளித்தனர். ஒன்று கன்னியாகுமரி மக்களவைத் தொகுதிக்கு. மற்றொன்று சட்டமன்ற இடைத்தேர்தலுக்கு. இரண்டு தேர்தல் என்பதால் இயந்திரங்களும் தனித்தனி.

ஆனால் ஒரே தேர்தலுக்கே பல இயந்திரங்கள் வரிசையாக வைக்கப்படுவதும் உண்டு. அப்போது நமக்கு ஒரு வாக்குதான். இதை விளங்கிக்கொள்ள, அவை இணைக்கப்படும் முறையை நாம் அறிந்திருப்பது அவசியம்.

நாம் பொத்தானை அழுத்தும் கருவி பேலட் யூனிட். அதில் நோட்டாவையும் சேர்த்து 16 பெயர்களுக்கே இடமுண்டு. வேட்பாளர்கள் 15 பேரைத் தாண்டினால் இரண்டாவது யூனிட் தேவை. 2024-இல் கரூரில் 54 பேர் போட்டியிட்டதால் நான்கு யூனிட்டுகள் தேவைப்பட்டன. தற்போதைய எம்-3 வகையில் 24 யூனிட்டுகள் வரை, அதாவது நோட்டா உட்பட 384 பெயர்கள் வரை இணைக்கலாம்.

ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனி கேபிள் கண்ட்ரோல் யூனிட்டுக்குச் செல்வதில்லை. இரண்டாவது யூனிட் முதலாவதிலும், மூன்றாவது இரண்டாவதிலும் சங்கிலி போல இணைக்கப்படும். முதல் யூனிட் விவிபேட்டிலும், விவிபேட் அதிகாரியின் மேசையிலுள்ள கண்ட்ரோல் யூனிட்டிலும் சேரும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் அதன் வரிசை எண் சுவிட்சில் அமைக்கப்படும். எண்ணோ வரிசையோ மாறினால் கண்ட்ரோல் யூனிட் இணைப்புப் பிழையைக் காட்டும்.

அதிகாரி ஒருமுறை அனுமதித்தால் அந்தச் சங்கிலி முழுவதற்கும் ஒரு வாக்கே பதிவாகும். முதல் யூனிட்டில் அழுத்திவிட்டு இரண்டாவதில் அழுத்தினாலும் பயனில்லை. எனவே எல்லா யூனிட்டுகளையும் பார்த்த பிறகே பொத்தானை அழுத்த வேண்டும். பிறகு, விவிபேட் சீட்டு தெரியும் 7 விநாடிகளில் சின்னத்தைச் சரிபார்க்கலாம்.

வாக்குப்பதிவின் நடுவே பேலட் யூனிட்டோ கண்ட்ரோல் யூனிட்டோ பழுதானால் முழுத் தொகுப்பும் மாற்றப்படும்; விவிபேட் மட்டும் பழுதானால் அதை மட்டும் மாற்றுவார்கள். அதுவரை பதிவான வாக்குகள் பழைய கண்ட்ரோல் யூனிட்டிலேயே இருக்கும். எண்ணிக்கையின்போது அவையும் சேர்க்கப்படும்.

காலையில் நடக்கும் மாதிரி வாக்குப்பதிவில் குறைந்தது 50 வாக்குகள் பதிவு செய்யப்படும். பூத் ஏஜெண்டாக அமரும் நம் சகோதரர்கள் முதல் யூனிட்டோடு நின்றுவிடாமல், கடைசி யூனிட்டின் கடைசிப் பெயர் வரை ஒவ்வொன்றுக்கும் வாக்கு பதிவாகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது. தொடக்கத்திலேயே கண்டுபிடிக்கப்படும் கோளாறு வாக்காளர்களின் காத்திருப்பைக் குறைக்கும்.