தலைக்கணக்கும் ஆய்வாண்டும்: சென்னை மேற்குப் புறநகரில் அறிவியல், பொறியியல் கல்விப் பணிகள்

அர்ஜுன் டாங்கி உருவான போர் வாகன ஆராய்ச்சி நிறுவனம் ஆவடியில் இருக்கிறது. அங்கே ஜே.ஆர்.எஃப். (இளநிலை ஆய்வாளர்) ஆகச் சேரும் பொறியியல் பட்டதாரிக்கு இரண்டு மூன்று பேருந்து நிறுத்தங்களுக்குள் அடுத்த வேலை காத்திருப்பதாகத் தோன்றும். திருவேற்காடு, சூரப்பட்டு, பூவிருந்தவல்லி, திருநின்றவூர் என்று எந்தப் பக்கம் திரும்பினாலும் பொறியியல் கல்லூரிகள். ஆனால் ஆய்வகத்திலிருந்து கல்லூரிக்குச் செல்லும் வழியில் அவருடைய ஆண்டுகள் காணாமல் போகின்றன.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி, முனைவர் பட்டம் பெறச் செலவிட்ட காலம் கற்பித்தல் அல்லது ஆய்வு அனுபவமாகக் கணக்கில் வராது. பாடம் நடத்திக்கொண்டே விடுப்பின்றிப் பட்டம் பெற்றவருக்கு மட்டும் விலக்கு உண்டு. இணைப் பேராசிரியர் பதவிக்கு உதவிப் பேராசிரியருக்கு நிகரான பணியில் 8 ஆண்டு அனுபவம் வேண்டும். முனைவர் பட்டத்துக்குப் பின் உதவித்தொகையில் ஆய்வைத் தொடரும் மேலாய்வாளரும் எந்தப் பணியிடத்திலும் இல்லாதவர். தேசிய மேலாய்வு உதவித்தொகை 2 ஆண்டுகளோடு முடியும்போது, நேர்காணலில் கேட்கப்படுவது “சர்வீஸ் எவ்வளவு?” என்பதே.

தகுதியானவர்கள் கிடைக்கவில்லை என்று நிர்வாகங்கள் சொல்வதுண்டு. இதை என்னால் ஏற்க முடியவில்லை. 2018இல் அகில இந்திய தொழில்நுட்பக் கல்விக் குழு, 15 மாணவருக்கு ஓர் ஆசிரியர் என்ற அளவை 20க்கு ஒருவர் என்று தளர்த்தியது. 1,200 மாணவர் படிக்கும் கல்லூரியில் 80 ஆசிரியர் இருந்த இடத்தில் 60 பேர் போதும் என்றாயிற்று. சம்பளமோ இன்னும் மோசம். உதவிப் பேராசிரியரின் தொடக்க அடிப்படைச் சம்பளம் ஏட்டளவில் 57,700 ரூபாய். ஜே.ஆர்.எஃப். தொகை 2023 முதல் மாதம் 37,000 ரூபாய். பல தனியார் கல்லூரிகளின் தொடக்கச் சம்பளம் இந்த உதவித்தொகையைக்கூட எட்டுவதில்லை. தட்டுப்பாடு ஆளுக்கு அன்று, ஊதியத்துக்கு.

20க்கு ஒருவர் என்ற அந்தத் தளர்ந்த அளவைக்கூடச் சில நிர்வாகங்கள் ஆளை வைத்து நிரப்பவில்லை. அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரிகள் 224இல், 353 பேர் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் முழுநேர ஆசிரியராகக் காட்டப்பட்டிருப்பதாக 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் குற்றம் சாட்டியது. பல்கலைக்கழகமும் விசாரணையில் இறங்கியது. இதைச் சில கல்லூரிகளின் நேர்மைக் குறைவாக மட்டும் பார்ப்பது போதாது. இன்ஸ்பெக்‌ஷனில் பெரும்பாலும் பார்க்கப்படுவது பெயரும் பட்டமும். அந்த மனிதர் எந்த ஆய்வகத்தில் எதைச் சோதித்தார், அதில் எதை மாணவருக்குக் கொண்டுவருகிறார் என்பது அங்கே பெரிதாக எடைபோடப்படுவதில்லை. ஆய்வாண்டுகளை எண்ணாத கணக்கில், வராத ஆசிரியரும் வந்தவரும் ஒரே தலைதான்.

ஆவடி ஆய்வகத்தில் எஞ்சினோடு 5 ஆண்டு மல்லுக்கட்டியவரின் காலத்தைப் பக்கத்துக் கல்லூரி பணிக்காலமாக ஏற்க, விதியில் ஒரு திருத்தம் போதும். மானியக் குழுவும் தொழில்நுட்பக் கல்விக் குழுவும் அதை உடனே செய்ய வேண்டும்.