அம்மா டீச்சரான கதை: ஆட்டிசக் கல்வி வரலாற்றிலிருந்து சில குறிப்புகள்

வாரத்துக்கு 40 மணி நேரம். ஒரு குழந்தைக்கு ஒரு பயிற்சியாளர். குறைந்தது 2 வருஷம். கலிஃபோர்னியாவில் லோவாஸ் என்கிற உளவியலாளர் 1987-ல் வெளியிட்ட ஆய்வின் கணக்கு இது. 19 குழந்தைகளுக்கு இப்படிப் பயிற்சி கொடுத்தார். தண்டனையும் அதில் ஒரு பகுதியாக இருந்ததால் சர்ச்சை இன்றும் ஓயவில்லை. ஆனாலும் ஆட்டிசக் குழந்தைக்குப் பயிற்சி என்றால் இவ்வளவு தீவிரமாக இருக்க வேண்டும் என்ற எண்ணம் பரவ இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

40 மணி நேரம் என்றால் ஒரு முழுநேர வேலை. அதாவது ஒரு குழந்தைக்கு ஒரு முழுச் சம்பளம். சரி, சம்பளம் கொடுக்கவும் வழியில்லை, பயிற்சி பெற்ற ஆளும் இல்லை என்கிற ஊரில் என்ன செய்வது? இந்தியாவில் இதற்குக் கிடைத்த பதிலைத்தான் கொஞ்ச நாளாகத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். சுருக்கமாகச் சொன்னால் பதில் இதுதான்: அம்மா.

இதில் வேடிக்கை என்னன்னா, ஆட்டிசத்தின் வரலாற்றில் அம்மா முதலில் வந்தது டீச்சராக இல்லை, குற்றவாளியாக. 1943-ல் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய முதல் கட்டுரையிலேயே பெற்றோரின் ஒட்டாத தன்மை பற்றி ஒரு குறிப்பு உண்டு. 1967-ல் புருனோ பெட்டல்ஹைம் எழுதிய புத்தகம் பழியை முழுசாகப் பெற்றோர் தலையில், முக்கியமாக அம்மா தலையில் வைத்தது. பாசம் காட்டாததால் குழந்தை இப்படி ஆகிவிட்டது என்பது வாதம். அப்படியானால் சிகிச்சை? குழந்தையை வீட்டிலிருந்து பிரிப்பது!

இதை எதிர்த்தவர்களில் ஒருவர் எரிக் ஷாப்ளர். பெட்டல்ஹைம் இருந்த அதே சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்தவர். பெற்றோர் நோய்க்குக் காரணம் இல்லை, சிகிச்சையில் கூட்டாளிகள் என்று 1971-ல் எழுதினார். அடுத்த வருஷமே வட கரோலினா மாநிலம் அவருடைய 'டீச்' திட்டத்தை அரசுத் திட்டமாக ஏற்றது. படங்களால் ஆன கால அட்டவணை, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நிரந்தர இடம், பெரிய வேலையைச் சின்னச் சின்னப் படிகளாக உடைப்பது போன்றவை அதன் வழிமுறைகள். பெரிய கருவி எதுவும் வேண்டாம், வீட்டிலேயே செய்யலாம்.

இனி இந்தியாவுக்கு வருவோம். 1991-ல் டெல்லியில் 'ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்' அமைப்பைத் தொடங்கிய மெரி பருவா ஓர் ஆட்டிசக் குழந்தையின் அம்மா. 1994-ல் 'ஓப்பன் டோர்' என்ற பள்ளியும் வந்தது. ஆனால் ஒரு பள்ளியில் எத்தனை பேரைச் சேர்க்க முடியும்? அங்கே நடக்கும் இன்னொரு திட்டம்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. வெளியூர்களிலிருந்து பெற்றோர் பிள்ளையோடு வந்து, 3 மாதம் தங்கி, கற்றுக்கொடுக்கக் கற்றுக்கொண்டு ஊர் திரும்புவார்கள். ஒவ்வொரு குடும்பமும் திரும்பும்போது அந்த ஊருக்கு ஒரு டீச்சர் போகிறார்.

அரசு அப்போது எங்கே இருந்தது? 1995-ன் மாற்றுத்திறனாளிகள் சட்டம் 7 வகைக் குறைபாடுகளைப் பட்டியல் போட்டது. அதில் ஆட்டிசம் இல்லை. சான்றிதழ் வேண்டும் என்றால் மனவளர்ச்சிக் குறைபாடு என்று எழுதி வாங்க வேண்டிய நிலை. 1999-ன் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில்தான் ஆட்டிசம் என்ற பெயரே வந்தது. அளவிடுவதற்கு 40 கேள்விகள் கொண்ட இந்திய அளவுகோல் 2009-ல் வந்தது. குறைபாடுகளை 21 ஆக விரித்து ஆட்டிசத்தையும் சேர்த்த சட்டம் வர 2016 ஆகிவிட்டது. 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி என்கிறது அந்தச் சட்டம். நல்ல விஷயம்தான். ஆனால் 1991-ல் 5 வயசாக இருந்த பிள்ளைக்கு அப்போது 30 வயசு.

அதே 2016-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வையும் சொல்லணும். பிரிட்டனில் உருவான ஒரு முறையைக் கோவாவுக்கும் பாகிஸ்தானின் ராவல்பிண்டிக்கும் ஏற்றபடி மாற்றிச் செய்து பார்த்தார்கள். 2 முதல் 9 வயது வரை 65 குழந்தைகள். குழந்தையோடு பெற்றோர் விளையாடுவதை வீடியோ எடுத்து, இருவாரத்துக்கு ஒருமுறை உட்கார்ந்து அதைப் பார்த்துப் பேசுவது. 6 மாதத்தில் 12 அமர்வுகள், அவ்ளோதான். நடத்தியவர்கள் நிபுணர்கள் இல்லை, பயிற்சி பெற்ற சாதாரணச் சுகாதாரப் பணியாளர்கள். எல்லா அளவுகளிலும் முன்னேற்றம் இல்லை. ஆனால் குழந்தையின் குறிப்பறிந்து பெற்றோர் பதில் கொடுப்பது கூடியது, குழந்தைகள் தாங்களாகப் பேச்சைத் தொடங்குவதும் கூடியது. லோவாஸின் 40 மணி நேரத்துக்குப் பக்கத்தில் இதை வைத்துப் பாருங்க. உலக சுகாதார நிறுவனத்தின் பராமரிப்பாளர் பயிற்சியும் (9 குழு அமர்வுகள், 3 வீட்டுச் சந்திப்புகள்) இதே பாதையில் வந்ததுதான்.

இந்த வரலாற்றை ஒரு வெற்றிக் கதையாக முடித்துவிடலாம். எனக்கு மனசு வரவில்லை. ஆவணங்களில் 'பெற்றோர்' என்று எழுதியிருந்தாலும் வேலையை விட்டுவிட்டு உட்காருவது பெரும்பாலும் அம்மாதான். எங்கள் சாஃப்ட்வேர் தொழிலில் 'சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர்' என்போம். ஒரே ஒரு பாகத்தை நம்பி மொத்த அமைப்பும் நிற்கிறது, அது பழுதானால் எல்லாம் நின்றுவிடும். அப்படி ஒரு அமைப்பை டிசைன் ரிவ்யூவில் யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். இங்கே அந்தப் பாகம் ஒரு மனுஷி. அவருக்குக் காய்ச்சல் வரும், வயசாகும். "எங்களுக்கப்புறம் யாரு?" என்ற பெற்றோரின் கேள்விக்காகத்தான் 1999 சட்டத்தில் பாதுகாவலர் நியமனத்துக்கே தனி ஏற்பாடு வைத்தார்கள்.

அம்மாவால் முடிகிறது என்பதை அம்மாவே செய்துகொள்ளட்டும் என்று படிக்கக் கூடாது. கோவா ஆய்வை நான் வேறு மாதிரி படிக்கிறேன். நிபுணர் அல்லாத ஒருவருக்கும் இதைச் சில மாதங்களில் சொல்லிக்கொடுக்க முடியும். அப்படியானால் தெருமுனைப் பள்ளியின் ஒன்றாம் வகுப்பு டீச்சருக்கும் முடியும்தானே? முன்பு அம்மாவைக் குற்றவாளி ஆக்கினோம், பிறகு டீச்சர் ஆக்கினோம். இனியாவது அவர் வெறும் அம்மாவாக இருக்க விடணும்.