மூதேவி: ஒரு முறைப்பெயர் வசைச்சொல்லான வரலாறு

பூந்தமல்லி, ஆவடி, அம்பத்தூர் என விரியும் சென்னையின் மேற்குப் புறநகர்ப் பேச்சில், தமிழகத்தின் பிற பகுதிகளைப் போலவே, ‘மூதேவி’ இன்று வசைச்சொல்லாகவே வழங்குகிறது. கைக்கு எட்டியது தவறினாலும், விளக்கு வைக்கும் வேளையில் ஒருவர் உறங்கினாலும் அச்சொல் எழுகிறது. ஆயின் சொல்லின் அமைப்பில் கேடு என்னும் பொருள் இல்லை. மூத்த தேவி என்பதே நேர்பொருள். பாற்கடலில் திருமகளுக்கு முன் தோன்றியவள் என்னும் புராணக் கதையை ஒட்டிய இப்பெயர் ‘ஜ்யேஷ்டா’ என்னும் வடசொல்லுக்கு நிகரானது. அவ்வடசொல்லே தமிழில் ‘சேட்டை’ என்றாயிற்று. குறும்பைக் குறிக்கும் சேட்டை வேறு. அது ‘சேஷ்டா’ என்பதன் வழிவந்தது.

திருக்குறளில் மூதேவி என்னும் வடிவம் இல்லை. 167ஆம் குறள் ‘தவ்வை’ என்கிறது. அது தமக்கையைக் குறிக்கும் உறவுப்பெயர். 617, 936ஆம் குறள்களில் வருவது ‘முகடி’. 617ஆம் குறளின் முகடிக்குப் பரிமேலழகர் சேட்டை என்றே பொருள் கூறுகிறார். இம்மூன்று இடங்களிலும் அவள் காரணமின்றி வந்து பற்றுபவள் அல்லள் என்பது கருதத்தக்கது. அழுக்காறு, மடி, சூது ஆகிய மனிதச் செயல்களே அவளுக்கு வழி திறக்கின்றன.

கல்வெட்டும் சிற்பமும் வேறொரு நிலையைக் காட்டுகின்றன. திருப்பரங்குன்றத்தில் கி.பி. 773ஆம் ஆண்டுக்குரிய கல்வெட்டு, சாத்தன் கணபதியின் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் சேட்டைக்கும் கோயில் எடுப்பித்ததைக் கூறுகிறது. தொண்டை மண்டலத்தில் காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலிலும் பல்லவர் காலச் சேட்டைச் சிற்பம் உண்டு. பருத்த வயிறு, காக்கைக் கொடி, எருதுத் தலையுடைய மகன், உடன் ஒரு மகள் என்பன அவளது படிமக் கூறுகள்.

கோயில் எடுத்தமையால் மட்டுமே அவள் நலம் தரும் தெய்வமாகக் கருதப்பட்டாள் என்று முடிவு செய்ய இயலாது. கேட்டை விலக்கவும் வழிபாடு நிகழும். இவ்விடத்தில் தொண்டரடிப்பொடியாழ்வாரின் திருமாலை உதவுகிறது. திருமால் இருக்கச் சேட்டையிடம் செல்வம் எதிர்பார்த்திருப்போரை அவர் கடிகிறார். அவளிடம் செல்வம் வேண்டியோர் இருந்தனர் என்பதற்கு, அவ்வழிபாட்டை ஏற்காத ஒருவரின் கூற்றே சான்றாகிறது. ஆதரிப்போர் புகழுரையினும் இத்தகைய சான்று வலியது.

வழிபாடு அருகியபின் பெயர் எஞ்சியது. மடியனைக் கடியும் இன்றைய வழக்கில் குறளின் பொருள் ஓரளவு தங்கியுள்ளது. ஆனால் மருமகள் வந்தபின் நேர்ந்த இழப்புக்கு அவளையே ‘வீட்டுக்கு வந்த மூதேவி’ எனச் சுட்டும்போது, குறள் காரணமாகக் காட்டிய செயல் எதுவும் அவளிடம் தேடப்படுவதில்லை.