கல்லிடுக்கில் பிறந்த சட்டம்

பாலிடால் என்ற பூச்சிமருந்தின் பெயரைக் கேட்டால் தமிழ்நாட்டுக் கிராமங்களில் பெரியவர்களுக்கு இன்றும் முகம் மாறும். 1958இல் கோதுமை மாவோடு அந்த மருந்து கலந்துபோய்க் கேரளத்திலும் சென்னை மாநிலத்திலும் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தச் சாவுகளின் தொடர்ச்சியாகத்தான் 1968இல் இந்தியாவுக்குப் பூச்சிமருந்துச் சட்டம் வந்தது. பாலிடாலைத் தயாரித்தது ஜெர்மனியின் பேயர் நிறுவனம்.

அதே ஜெர்மனியில் இன்று எந்த ஊரின் நடைபாதையிலும் நகராட்சி ஊழியர் தன் விருப்பத்துக்குக் களைக்கொல்லி தெளிக்க முடியாது. வீட்டுக்காரர் தன் வாசலில் பாவிய கற்களுக்கு நடுவே தெளித்தாலும் விதிமீறல்தான். இந்த விதியைப் பிறப்பித்த கவலைகளில் முதன்மையானது குடிநீர்.

போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் ஜெர்மன் நகரங்களும் மற்ற ஊர்களைப் போலவே மருந்துக்குப் பழகின. கல்லறைத் தோட்டப் பாதை, பள்ளி முற்றம், தெருவோரம், தண்டவாளம் என்று எங்கே புல் முளைத்தாலும் அட்ரசின், சிமசின், டையூரான் என்ற களைக்கொல்லிகள்தான். பத்துப் பேர் குந்தி உட்கார்ந்து செதுக்கும் வேலையை முதுகில் தொட்டி மாட்டிய ஒருவர் முடித்துவிடுவார். கணக்குப் பார்ப்பவருக்கு இதைவிட என்ன வேண்டும்?

கணக்கில் வராதது மழை. வயலில் விழும் மருந்தை உயிருள்ள மேல்மண் ஓரளவு பிடித்துவைக்கும். நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்கும். கல் பாவிய தரையில் அந்த மண் இல்லை. அடுத்த மழையில் மருந்து வடிகாலுக்கும் அங்கிருந்து ஓடைக்கும் போகிறது. தண்டவாளச் சரளையிலோ நேராகக் கீழே இறங்குகிறது. ஜெர்மானியர் குடிப்பதோ பெரும்பாலும் நிலத்தடி நீர்.

1980இல் ஐரோப்பியக் குடிநீர் நெறிமுறை ஒரு கறாரான எல்லையை வகுத்தது: பூச்சிமருந்தோ களைக்கொல்லியோ எதுவானாலும் லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. அந்த அளவுப்படி ஒரே ஒரு கிராம் மருந்து ஒரு கோடி லிட்டர் நீரை எல்லைக்குக் கொண்டுவந்துவிடும். ஜெர்மனியில் இது 1989 அக்டோபரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. அட்ரசின் 1991இல் தடைசெய்யப்பட்டது.

இடையில் 1986 செப்டம்பரில் புதிய பயிர்ப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அது அச்சேறிச் சில வாரங்களே ஆகியிருந்தன. நவம்பர் 1 அன்று சுவிட்சர்லாந்தின் பாசெல் அருகே சாண்டோஸ் வேதிப்பொருள் நிறுவனத்தின் கிடங்கு பற்றி எரிந்தது. அணைத்த நீரோடு பூச்சிமருந்து ரைன் நதியில் கலந்தது. நதி சிவந்தது, விலாங்குமீன்கள் கூட்டம் கூட்டமாக மிதந்தன, கீழ்க்கரை ஊர்களில் நீரேற்று நிலையங்கள் மூடப்பட்டன. அதற்குப் பிறகு இந்தச் சட்டத்தின் தேவையை யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சட்டத்தின் ஆறாம் பிரிவு சொன்னது எளிமையானது. திறந்தவெளியில் மருந்து தெளிக்கலாம். ஆனால் அந்த நிலம் விவசாயத்துக்கோ காட்டுக்கோ தோட்டத்துக்கோ பயன்பட வேண்டும். மற்ற இடத்தில் தெளிக்க மாநிலப் பயிர்ப் பாதுகாப்பு அலுவலகத்தின் தனி அனுமதி தேவை. காரணம் அவசரமானது என்றும், வேறு வழியில் நியாயமான செலவில் முடியாது என்றும் காட்டினால்தான் அது கிடைக்கும். 2012இல் சட்டம் புதிதாக எழுதப்பட்டபோது இந்த விதி பன்னிரண்டாம் பிரிவுக்கு மாறியது. பூங்கா, விளையாட்டு மைதானம், பள்ளி வளாகம், கல்லறைத் தோட்டம் ஆகியவற்றுக்குப் பதினேழாம் பிரிவு சேர்ந்தது: அங்கே குறைந்த அபாயம் உள்ளவை என்றோ, பொதுவிடத்துக்கு ஏற்றவை என்றோ ஒப்புதல் பெற்ற மருந்துகள் மட்டுமே. மீறினால் அபராதம் 50,000 யூரோ வரை போகும்.

புல்லுக்குச் சட்டம் தெரியாதே. நகராட்சிகள் இரும்பு நார்த் தூரிகை சுழலும் வண்டிகளை வாங்கின, கொதிநீரும் நீராவியும் பீய்ச்சின, தீச்சுவாலை காட்டின. வேர் பிழைத்துவிடுவதால் ஆண்டுக்குப் பல தடவை திரும்பி வர வேண்டும், செலவும் கூடும். தெரு குப்பையாகக் கிடக்கிறது என்று புகார் வரும். ஆனாலும் சார்ப்ரூக்கன் போன்ற நகரங்கள் சட்டம் கேட்டதையும் தாண்டி, பொது நிலத்தில் மருந்தை அறவே கைவிட்டன. பூண்ட் என்ற சுற்றுச்சூழல் அமைப்பு அப்படிப்பட்ட ஊர்களை ஒரு பட்டியலில் திரட்டியது. எண்ணிக்கை ஐந்நூறைத் தாண்டியது.

விலக்கிலேயே வாழ்ந்தது ரயில்வே. புல் அடைத்தால் தண்டவாளத்தில் நீர் வடியாது, பாதுகாப்பு கெடும் என்பது அதன் வாதம். நாட்டிலேயே கிளைபோசேட் என்ற களைக்கொல்லியை அதிகம் வாங்கிய ஒற்றை வாடிக்கையாளர் அதுதான். 2023 முதல் அதுவும் கிளைபோசேட்டை விட்டுவிட்டது.

இப்போது சோதனை ஓக் மரங்களில். அணிவகுத்து ஊரும் ஒருவகைக் கம்பளிப்பூச்சியின் மயிர் பட்டால் தோல் தடிக்கும், மூச்சு முட்டும். பல ஊர்களில் கூடுகளை உறிஞ்சு கருவியால் எடுக்கிறார்கள். பள்ளி அருகே என்றால் பாக்டீரிய மருந்து தெளிப்பதும் உண்டு. அது மற்றப் பட்டாம்பூச்சிகளின் புழுக்களையும் கொல்லும். இதில் விசித்திரம், மரத்தைக் காக்கத் தெளித்தால் பயிர்ப் பாதுகாப்புச் சட்டம். மனிதரைக் காக்கத் தெளித்தால் உயிர்க்கொல்லிகளுக்கான வேறு சட்டம்.

ஓட்டைகள் இருக்கின்றன, விலக்குகளும் உண்டு. ஆனால் 1986இல் ஒன்று நிலையாக மாறியது. அதுவரை மருந்து வேண்டாம் என்றவர்தான் ஆதாரத்தோடு அலைந்தார். அதன்பின் பொது நிலத்தில் தெளிக்க நினைக்கும் நகராட்சிதான் விண்ணப்பத்தோடு வரிசையில் நிற்கிறது.